குறவஞ்சி பிறந்த மண்ணில் குறவரின் பெயர்

கடந்த சாரல் பருவத்தில் தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு குடும்பம் எங்களைத் தேடி வந்தது. தாய், மகன், மகள் என மூவர். மூங்கில் கூடை முடைந்து விற்பது அவர்களுடைய தொழில். தாயின் கையிலிருந்த பிளாஸ்டிக் உறைக்குள் இரண்டு சாதிச் சான்றிதழ்கள் இருந்தன. மகனுடைய சான்றிதழ் அவனை ‘குறவன்’ என்றது, பட்டியல் சாதி. சில ஆண்டுகள் கழித்து வேறோர் அலுவலகத்தில் பெறப்பட்ட மகளுடைய சான்றிதழ் அவளைக் ‘கொறவர்’ என்றது, சீர்மரபினர்.

அவர்கள் வந்த காரணம் சான்றிதழ் மட்டுமன்று. கல்லூரியில் படிக்கும் அந்த மகளைப் பேருந்து நிறுத்தத்தில் பலர் முன்னிலையில் ஒருவர் சாதிப் பெயரைச் சொல்லி இழிவாகப் பேசியிருக்கிறார். புகார் கொடுக்கப் போன இடத்தில், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சீர்மரபினருக்குப் பொருந்தாது என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அண்ணனைத் திட்டியிருந்தால் அது வன்கொடுமை; தங்கையைத் திட்டினால் அது சாதாரண வாய்த்தகராறு. அந்தத் தாய் எங்களிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: “ஒரு வயித்துல பொறந்த புள்ளைகளுக்கு ரெண்டு சாதி எப்படிய்யா வரும்?”

இக்கேள்விக்கு ஒரு மனு எழுதி விடை சொல்லிவிட முடியாது என்பதைக் கோப்பைப் புரட்டும்போதே உணர்ந்தோம். ஒரு மக்கள் கூட்டத்தின் பெயர் எங்கிருந்து வந்தது, அதன்மீது யார் யார் என்னென்ன பொருளை ஏற்றினார்கள், அப்பெயரை அரசு எத்தனை விதமாக எழுதியது என்ற நெடிய வரலாறு அந்த இரண்டு தாள்களுக்குள் மடிந்து கிடக்கிறது. அதை விரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வேர்ச்சொல் சொல்வது என்ன?

தொல்காப்பியம் வகுத்த நிலப் பாகுபாட்டில் மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி. சங்கப் பாடல்களில் அந்நிலத்து மக்களாகக் குறவர், கானவர், வேட்டுவர் ஆகியோர் வருகின்றனர். குறவர் தினை விதைப்பவர்கள், தேன் எடுப்பவர்கள், வேட்டையாடுபவர்கள். ஆகவே ‘குறவர்’ என்ற சொல்லைக் ‘குறிஞ்சி’யோடு இணைத்து, மலைநில மக்கள் என்று பொருள் காண்பதே பரவலான கருத்து.

இரண்டாவது விளக்கம் ஒன்றும் உண்டு. குறி சொல்வதால் குறவர், குறத்தி என்று பெயர் வந்தது என்பது அது. தெலுங்கு நிலத்தில் இம்மக்களுக்கு வழங்கும் ‘எருக்கலர்’ என்ற பெயரையும், அறிதல் என்று பொருள்படும் ‘எருக்க’ என்ற சொல்லோடு சேர்த்து இவ்வாறே விளக்குவார்கள். கேட்பதற்குப் பொருத்தமாகத் தோன்றினாலும் இவ்விளக்கத்தை நாம் எச்சரிக்கையோடு அணுக வேண்டும். குறி சொல்வது அச்சமூகத்தில் சில பெண்களின் தொழில். தினைப்புனமும் தேனும் வேட்டையும் கொண்ட ஒரு முழுமையான வாழ்வு இருந்திருக்க, ஒரு தொழிலை மட்டும் பிரித்தெடுத்து அதுவே பெயருக்குக் காரணம் என்பது, நிலத்துக்குரிய மக்களை வீதியில் பிழைப்பவர்களாகச் சுருக்கிவிடுகிறது. முதல் விளக்கத்தில் மலையின்மீது ஓர் உரிமை இருக்கிறது. இரண்டாவதில் அது இல்லை. சொல்லாராய்ச்சி என்பது எப்போதும் வெறும் சொல்லாராய்ச்சியாக இருப்பதில்லை.

சங்க காலத்தில் இப்பெயர் இழிவின் அடையாளமாக இருந்ததற்குச் சான்றில்லை. குறமகள் இளவெயினி, குறமகள் குறியெயினி ஆகிய இரு பெண்பாற் புலவர்கள் தம் பெயரிலேயே குறமகள் என்ற அடையைத் தாங்கி நிற்கின்றனர். புறநானூற்றின் 157ஆம் பாடலில் இளவெயினி பாடும் ஏறைக்கோன் குறவர் தலைவன். சிலப்பதிகாரத்தில், கண்ணகி விண்ணேறிய காட்சியைக் கண்டு சேரன் செங்குட்டுவனிடம் சொல்பவர்கள் மலைக்குறவர்கள். அவர்களுடைய சாட்சியிலிருந்துதான் வஞ்சிக் காண்டமே தொடங்குகிறது. முருகன் மணந்த வள்ளி குறவர் வளர்த்த மகள். புலமை, தலைமை, சாட்சியம், தெய்வ உறவு ஆகிய நான்கும் ஒரு காலத்தில் இப்பெயரோடு சேர்ந்திருந்தன.

அச்சில் ஓர் எழுத்து மாறினால் இப்பெயர் ‘குரவர்’ ஆகிவிடும். குரவர் என்றால் போற்றுதற்குரிய பெரியோர். சைவ மரபு நால்வரைச் சமயக் குரவர் என்கிறது. வல்லின றகரத்துக்கும் இடையின ரகரத்துக்கும் நடுவே ஒரு சமூகத்தின் மதிப்பு இவ்வளவு ஏறி இறங்குவதைத் தமிழ் மாணவர்கள் தேர்வுக்கான சொற்பொருள் வேறுபாடாகப் படித்துக் கடந்துவிடுகிறோம்.

குற்றாலத்துச் சிங்கியும் அவளுடைய நகைகளும்

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் அருகே உள்ளது மேலகரம். அவ்வூரைச் சேர்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சி, குறவஞ்சி நூல்களுள் தலையாயதாகக் கொண்டாடப்படுகிறது. மதுரை நாயக்க அரசர் முத்துவிசயரங்க சொக்கநாதர் கவிராயருக்கு நிலக்கொடை வழங்கியதாகவும், அந்நிலம் குறவஞ்சி மேடு என்று பெயர் பெற்றதாகவும் சொல்வார்கள். 20ஆம் நூற்றாண்டில் ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் தங்கி இந்நூலின் சுவையைத் தமிழுலகுக்குப் பரப்பினார். இன்றும் பள்ளிப் பாடநூல்களில் குற்றாலம் என்றால் குறவஞ்சிதான்.

குறவஞ்சி என்றாலே குறவர் குலப் பெண் என்று பொருள். குற்றாலநாதர்மீது காதல் கொண்ட வசந்தவல்லிக்குக் குறத்தி சிங்கி குறி சொல்கிறாள். தன் மலையின் வளத்தைப் பெருமிதத்தோடு பாடுகிறாள். பரிசாக நகைகளைப் பெறுகிறாள். அவளைத் தேடி அலைந்து வரும் கணவன் சிங்கன், அவள் காலிலும் கழுத்திலும் மின்னும் அணிகளைப் பார்த்து இவை என்ன, எங்கிருந்து வந்தன என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறான். இவை தன் தொழிலுக்குக் கிடைத்த பரிசுகள் என்று அவளும் ஒவ்வொன்றாக விடை சொல்கிறாள். நாடக மேடையில் இக்காட்சிக்கு இன்றளவும் சிரிப்பொலி எழும்.

ஆனால் வழக்கறிஞர்களாகிய நாம் இக்காட்சியைச் சிரித்தபடி கடந்துபோக முடியவில்லை. ‘இந்த நகை உனக்கு ஏது?’ என்பது பிற்காலத்தில் காவல் நிலையங்கள் குறவர் பெண்களிடம் கேட்ட கேள்வி. கவிராயரின் நூலில் சிங்கி சொல்லும் விடை ஏற்றுக்கொள்ளப்படுகிறது. காவல் நிலையத்தில் அது ஏற்கப்படுவதில்லை. இடையில் நடந்தது என்ன?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்நூலில் மலை அழகாக இருக்கிறது, குறத்தி அழகாகப் பேசுகிறாள். எனினும் நூலின் உடைமையாளர்களாக, அரங்கேற்றுபவர்களாக, கொடை பெறுபவர்களாகக் குறவர்கள் எங்கும் இல்லை. சங்க காலத்தில் குறமகளே புலவர். நாயக்கர் காலத்தில் குறத்தி ஒரு பாத்திரம். தன்னைத் தானே பாடிய பெயர், பிறர் பாடும் பெயராக மாறிய இடம் குற்றாலம்.

உப்பு வணிகர் குற்றப் பரம்பரையான கதை

இடையில் நடந்ததற்கு விடை காலனிய ஆட்சியின் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 1871ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடிகள் சட்டம் முதலில் வட இந்தியப் பகுதிகளில் நடைமுறைக்கு வந்தது. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே அது சென்னை மாகாணத்தையும் எட்டியது. ஒரு சமூகம் முழுவதையும் குற்றப் பழங்குடி என அறிவிக்கலாம், அறிவிக்கப்பட்டவர்களைப் பதிவேட்டில் சேர்க்கலாம், கைரேகை எடுக்கலாம், குறித்த நேரத்தில் வந்து நிற்கச் சொல்லலாம், குடியிருப்புகளுக்குள் அடைத்து வைக்கலாம். குற்றம் செய்தாரா என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. பிறந்தாரா என்பதே போதும். இன்றைய ஆந்திரத்தில் உள்ள ஸ்டூவர்ட்டுபுரம், சால்வேஷன் ஆர்மியின் பொறுப்பில் எருக்கலர் குடும்பங்களை அடைத்து வைத்த அத்தகைய குடியிருப்பாகத் தோன்றியதுதான்.

இம்மக்கள் ஏன் அவ்வாறு குறிவைக்கப்பட்டார்கள்? சென்னை மாகாணத்துக் கொரவர்களைப் பற்றி ஆராய்ந்த வரலாற்றாசிரியர் மீனா ராதாகிருஷ்ணா, 2001இல் வெளிவந்த தம் நூலில் இதற்கான பொருளாதாரக் காரணங்களை எடுத்துக்காட்டுகிறார். இவர்களில் பெரும்பகுதியினர் கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்குக் கழுதைகளிலும் மாடுகளிலும் உப்பும் தானியமும் ஏற்றிச் சென்ற வணிகர்கள். இருப்புப் பாதை வந்தது. உப்பின்மீது அரசின் பிடி இறுகியது. வனச் சட்டங்கள் மேய்ச்சலுக்கும் மூங்கிலுக்கும் தடை போட்டன. பிழைப்பு பறிபோனவர்கள் ஊர் ஊராக அலைந்தபோது, அலைவதே குற்றத்தின் அடையாளமாக எழுதப்பட்டது. 1928இல் லண்டனில் வெளியான ஒரு நூல் குறவர்களை ‘நிலக் கொள்ளையர்கள்’ என்று தலைப்பிலேயே அழைத்தது.

காலனியப் பதிவேடுகள் மற்றொரு வேலையையும் செய்தன. ஒரு பெயரைப் பல பெயர்களாக உடைத்தன. உப்புக் கொறவர், இஞ்சிக் கொறவர், தொகைமலைக் கொறவர், பொன்னைக் கொறவர், வரகனேரிக் கொறவர், ஆத்தூர் மேல்நாட்டுக் கொறவர், ஆத்தூர் கீழ்நாட்டுக் கொறவர், சேலம் உப்புக் கொறவர் என நீளும் இப்பட்டியலைப் பாருங்கள். சில, விற்ற பொருளின் பெயர். பல, வாழ்ந்த ஊரின் பெயர். காவல்துறை எந்த ஊரில் பிடித்துப் பதிந்ததோ அந்த ஊர் சாதியின் முன்னொட்டாக ஒட்டிக்கொண்டது போலவே இவை தோன்றுகின்றன. அதே பட்டியலில் உள்ள ‘கேப்மாரி’ என்ற பெயர், இன்று தமிழ்த் திரைப்படங்களில் ஏமாற்றுக்காரனைத் திட்டும் வசைச்சொல். அதைச் சொல்லிச் சிரிப்பவர்களில் எத்தனை பேருக்கு அது உயிருள்ள மனிதர்களின் சாதிச் சான்றிதழில் இருக்கும் பெயர் என்று தெரியும்?

சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுவதும் 1952 ஆகஸ்டு 31 அன்றும் இச்சட்டம் நீக்கப்பட்டது. நீக்கப்பட்டவர்கள் ‘சீர்மரபினர்’ ஆனார்கள். ஆனால் பழக்கக் குற்றவாளிகளுக்கான சட்டம் 1948இலேயே சென்னையில் தயாராக இருந்தது. பெயர் மாறியது, பார்வை மாறவில்லை. 2024 அக்டோபரில் சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், சிறைக் கையேடுகளில் இருந்த சாதி அடிப்படையிலான வேலைப் பிரிவினைகளையும், சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகளாகக் கருதும் விதிகளையும் அரசமைப்புக்கு முரணானவை என்று அறிவிக்க வேண்டியிருந்தது. சட்டம் நீங்கி 72 ஆண்டுகள் கழிந்த பிறகு!

மூன்று பட்டியல், ஒரு பெயர்

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம்.

தமிழ்நாட்டுக்கான பட்டியல் சாதிகள் வரிசையில் ‘குறவன், சித்தனார்’ என்ற பதிவு உள்ளது. மாநில அரசின் சீர்மரபினர் பட்டியலில் ‘கொறவர்’ என்ற பதிவு உள்ளது. அடைப்புக்குறிக்குள் தொடரும் மாவட்டப் பெயர்களில் திருநெல்வேலியும் ஒன்று. அதன்படி பழைய நெல்லை மாவட்டத்தில், அதாவது இன்றைய தென்காசியையும் உள்ளடக்கிய நிலப்பரப்பில், இரு பதிவுகளும் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கின்றன. ஆங்கில அரசிதழில் ஒன்றின் முதலெழுத்து ‘கு’ என்றும், மற்றொன்றின் முதலெழுத்து ‘கொ’ என்றும் ஒலிக்கும்படி எழுதப்பட்டிருப்பதே வேறுபாடு.

இந்த வேறுபாடு இரு சாதிகளின் வேறுபாடா? தமிழ் பேசும் எவருக்கும் இதற்கு விடை தெரியும். பேச்சுத் தமிழில் குடம் ‘கொடம்’ ஆகிறது. புகை ‘பொகை’ ஆகிறது. உடம்பு ‘ஒடம்பு’ ஆகிறது. முதல் அசையின் உகரம், அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ வரும்போது ஒகரமாகத் திரிவது பேச்சு வழக்கின் இயல்பு. அதே விதிப்படி குறவன் ‘கொறவன்’, குறத்தி ‘கொறத்தி’. எழுத்து வழக்கைக் கேட்டவர் ஒருவிதமாகவும், பேச்சைக் காதால் கேட்டு எழுதியவர் வேறுவிதமாகவும் எழுதினார். கொடத்தில் மொண்ட தண்ணீருக்கும் குடத்தில் மொண்ட தண்ணீருக்கும் வேறு வேறு வரி விதித்தால் எப்படியிருக்கும்? இங்கே நடந்திருப்பது அதுதான்.

மாநில எல்லையைத் தாண்டினால் குழப்பம் மேலும் பெருகும். கேரளத்தில் குறவன் பட்டியல் சாதி. கர்நாடகத்தில் கொரமர், கொரவர், கொரசர் ஆகியோர் பட்டியல் சாதி. ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் எருக்கலரும் கொரசரும் பழங்குடி. ஓர் அகன்ற உறவுக் குடும்பம், மொழிவாரி எல்லைக் கோடுகளுக்கு இருபுறமும் வேறு வேறு அரசமைப்புத் தகுதியோடு நிற்கிறது.

தென்காசி மக்களுக்கு எல்லைக்கோட்டின் இந்த விளையாட்டு புதிதன்று. குற்றாலத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள செங்கோட்டை வட்டம், 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்தது. அதனால் இன்றும் பட்டியல் சாதிகள் ஆணையில் ‘வண்ணான்’, ‘பரவன்’, ‘காக்காளன்’ முதலிய சில பெயர்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் திருநெல்வேலி மாவட்டத்துச் செங்கோட்டை வட்டத்துக்கும் மட்டும் உரியவையாக நிற்கின்றன. செங்கோட்டை 2019 நவம்பர் முதல் தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் ஆணையைப் பொறுத்தவரை அது 1976 மே 1 அன்று எங்கிருந்ததோ அங்கேதான் இருக்கிறது, ஏனெனில் மாவட்டப் பெயர்களை அந்த நாளின் எல்லைப்படியே படிக்க வேண்டும் என ஆணையே சொல்கிறது. ‘குறவன், சித்தனார்’ என்ற இணையும் கேரளப் பட்டியலில் அப்படியே காணப்படுவது, திருவிதாங்கூர் நிர்வாக வழக்கின் சுவடாகவே நமக்குத் தோன்றுகிறது. சென்னை மாகாணத்தின் காவல் பதிவேடு ‘கொறவர்’ என்ற பெயரையும், மலைக்கு அப்பாலிருந்த அரசு ‘குறவன்’ என்ற பெயரையும் வைத்திருந்தன. இரண்டும் ஒரே மாநிலத்துக்குள் வந்து சேர்ந்தபோது அவற்றை ஒப்பிட்டுச் சரிசெய்ய எவரும் முன்வரவில்லை.

மூன்றாவது பட்டியல் பழங்குடியினருடையது. 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தின்படி, 2023 ஜனவரி முதல் ‘நரிக்கொறவன், குருவிக்காரன்’ என்ற பதிவு தமிழ்நாட்டின் பழங்குடிகள் பட்டியலில் சேர்ந்தது. பல பத்தாண்டுப் போராட்டத்தின் வெற்றி அது. அதை நாம் முழுமனதோடு வரவேற்கிறோம். ஆயினும் குறவர் அமைப்புகள் எழுப்பும் ஒரு நியாயமான கேள்வி அதோடு கூடவே நிற்கிறது. நரிக்குறவர் என்று அழைக்கப்படுவோர் பேசும் வாக்ரிபோலி, இந்தோ–ஆரிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அவர்கள் தம்மை வாக்ரி என்றே அழைத்துக்கொள்கின்றனர். அவர்களுடைய வரலாறு வேறு, வழிபாடு வேறு. தமிழோடு நெருங்கிய மொழி பேசும் குறவரின் பெயரை, முன்னால் ஒரு விலங்கின் பெயரைச் சேர்த்து அவர்களுக்குச் சூட்டியது பொதுச் சமூகம். குறவஞ்சிச் சிங்கன் பறவை பிடிப்பவனாக வருவதும் இம்மயக்கத்தை வளர்த்திருக்கக்கூடும். இரு சமூகங்களில் எவருக்கும் தம் பெயரைத் தாமே தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு வழங்கப்படவில்லை. வாக்ரி மக்களுக்கு அவர்கள் பெயரும் குறவர்களுக்கு அவர்கள் பெயரும் வேண்டும் என்பதே இதன் தீர்வு. இதை இரு ஏழைச் சமூகங்களின் சண்டையாகச் சித்திரிப்போரிடம் எச்சரிக்கையாக இருப்போம்.

ஓர் எழுத்தின் விலை

ஓர் எழுத்து மாறினால் என்ன இழப்பு என்று கேட்கலாம். சலுகையின் அளவு மாறும் என்பது ஒரு விடை: தமிழ்நாட்டில் பட்டியல் சாதிகளுக்கு 18 விழுக்காடு, பழங்குடியினருக்கு 1 விழுக்காடு, மிகப் பிற்படுத்தப்பட்டோரும் சீர்மரபினரும் சேர்ந்த பிரிவுக்கு 20 விழுக்காடு. ஆனால் நாம் கவலைப்படுவது அதைவிட அடிப்படையான ஒன்றைப் பற்றி.

1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மட்டுமே உரியது. பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் சாதிப் பெயரைச் சொல்லி வசைபாடுவது பிரிவு 3(1)(s)இன்படி குற்றம். பொய்யான, தீய நோக்கம் கொண்ட குற்ற வழக்கைத் தொடுப்பது பிரிவு 3(1)(p)இன்படி குற்றம். குற்றப் பரம்பரை முத்திரை குத்தப்பட்ட ஒரு சமூகத்துக்கு இந்த இரண்டாவது பாதுகாப்பைவிட இன்றியமையாதது எது? திருட்டு நடந்தவுடன் வீடு புகுந்து தூக்கிச் செல்லப்படும் ‘குறவன்’ இப்பிரிவை எழுப்பலாம். அதே நிலையில் இருக்கும் ‘கொறவர்’ எழுப்ப முடியாது.

2008இல் ஸ்வரன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான கொள்கையை வகுத்தது. ஒரு சாதிப் பெயர் வசையா என்பதை அதன் வேர்ச்சொற் பொருளை வைத்து முடிவு செய்யக்கூடாது. இன்றைய சமூகத்தில் அது எப்பொருளில், எந்நோக்கத்தில் பயன்படுத்தப்படுகிறது என்பதை வைத்தே முடிவு செய்ய வேண்டும் என்றது. ஆக, ‘குறவன்’ என்பது சங்கத் தமிழில் மலைமகன் என்று பொருள்படும் உயரிய சொல் என எதிர்த்தரப்பு வாதாடித் தப்ப முடியாது. முரண் என்னவென்றால், தெருவில் திட்டுபவன் எந்தப் பெயரைச் சொல்லித் திட்டுகிறானோ அந்தப் பெயர் பட்டியல் சாதிகள் வரிசையில் இருக்கிறது. திட்டு வாங்குபவளின் சான்றிதழிலோ அந்தப் பெயரின் பேச்சு வடிவம் இருக்கிறது. வசைக்கு அவள் குறத்தி; பாதுகாப்புக்கு மட்டும் அவள் குறத்தி அல்லள்.

நீதிமன்றமே இதைச் சரிசெய்யக்கூடாதா? அரசமைப்பின் 341ஆவது பிரிவின்படி பட்டியலை அறிவிப்பவர் குடியரசுத் தலைவர். அதை மாற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு மட்டுமே உண்டு. மிலிந்த் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு, பட்டியலில் இல்லாத ஒரு பெயரை உள்ளதன் மாற்றுப் பெயர் என்று காட்டச் சாட்சியம் அனுமதிக்க முடியாது என 2000 நவம்பரில் தீர்ப்பளித்தது. ஆயினும் ஒரு சிறு கதவு திறந்திருக்கிறது. அதற்கு முந்தைய பசவலிங்கப்பா வழக்கில், மைசூரில் ‘போவி’ என்ற பெயரில் தனிச் சாதி எதுவும் இருந்திராத நிலையில், பட்டியலில் எழுதப்பட்ட அப்பெயர் ‘வொட்டர்’ மக்களையே குறிக்கிறது எனச் சாட்சியத்தின் வழியே ஏற்கப்பட்டது. குறவனும் கொறவரும் இரு சாதிகள் என்றால், பழைய நெல்லை மாவட்டத்தில் அவ்விரண்டும் எங்கே தனித்தனியாக வாழ்கின்றன என்று அரசு காட்டட்டும். காட்ட முடியாவிட்டால், நாம் கேட்பது புதிய பெயரைச் சேர்ப்பது ஆகாது. இருக்கும் பெயரைச் சரியாக உச்சரிப்பது மட்டுமே.

திரையிலும் மேடையிலும்

1993இல் கடலூர்ப் பகுதியின் முதனை கிராமத்தைச் சேர்ந்த ராஜாகண்ணு, நகைத் திருட்டுப் புகாரில் பிடிக்கப்பட்டுக் காவலில் கொல்லப்பட்டார். வழக்கறிஞராக இருந்த சந்துரு நடத்திய ஆட்கொணர்வு மனுதான் உண்மையை வெளிக்கொணர்ந்தது. அதைத் தழுவி 2021இல் வெளிவந்த ‘ஜெய் பீம்’ திரைப்படம் நாடு முழுவதும் மனசாட்சியை உலுக்கியது. இருளர் மக்களின் துயரைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது. அதன் பயனை நாம் மறுக்கவில்லை. ஆனால் ராஜாகண்ணு இருளர் அல்லர், குறவர். தியாகம் செய்த சமூகத்தின் பெயர், அதைப் பற்றிய புகழ்பெற்ற படைப்பிலேயே இல்லை. வசை என்றால் நாள்தோறும் உச்சரிக்கப்படும் பெயர், மதிப்பு என்று வரும்போது மறைந்துபோகிறது.

அப்பெயர் மறையாமல் நின்ற இடம் கோயில் திருவிழா மேடை. ‘குறவன் குறத்தி ஆட்டம்’ என்ற பெயரில் ஆபாச நடனங்கள் ஆடப்பட்டன. ஆடியவர்கள் பெரும்பாலும் குறவர்கள் அல்லர். 2023இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதில் தலையிட, தமிழ்நாடு அரசும் அவ்வாட்டத்துக்குத் தடை விதித்தது. வசந்தவல்லியின் முன் தலைநிமிர்ந்து தன் மலையைப் பாடிய சிங்கிக்கும், திருவிழா மேடையில் அவள் பெயரால் நடந்ததற்கும் இடையே உள்ள தொலைவே, பெயர் பிறர் கைக்குப் போனதன் விளைவு.

நாம் கேட்பதும் செய்ய வேண்டியதும்

பட்டியல்களை ஒன்றாக்கினால் போலிச் சான்றிதழ்கள் பெருகும் என்று சிலர் அஞ்சுகின்றனர். இன்றுள்ள குழப்பமே போலிகளுக்கு வசதியானது என்பது நம் அனுபவம். தெளிவான ஒரே பெயரும், மானுடவியல் ஆய்வும், குமாரி மாதுரி பாட்டில் வழக்கில் 1994இல் உச்ச நீதிமன்றம் வகுத்த சரிபார்ப்பு முறையும் சேர்ந்தால் போலிகளுக்கு இடம் குறையும். ஏற்கெனவே 18 விழுக்காட்டில் பங்கு கொள்ளும் தலித் சமூகங்கள், பங்கு குறையுமோ என்று கவலைப்படுவதும் புரிந்துகொள்ளத்தக்கது. எண்ணிக்கைக்கு ஏற்ப விழுக்காட்டை உயர்த்தக் கோருவதும், 2024 ஆகஸ்டு 1 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்ற உள் ஒதுக்கீட்டை நேர்மையாகப் பயன்படுத்துவதும்தான் அதற்கான வழி. ஒடுக்கப்பட்ட ஒருவரை வாசலில் நிறுத்துவது வழியாகாது. பழங்குடிப் பட்டியலா, பட்டியல் சாதியா என்பதில் குறவர் அமைப்புகளுக்குள்ளேயே விவாதம் நடக்கிறது. அதைத் தீர்மானிக்கும் உரிமை அவர்களுடையது. எந்தப் பட்டியலானாலும் ஒரே பட்டியல், ஒரே பெயர் என்பது வரை கருத்து வேறுபாடு இல்லை.

மாநில அரசு நினைத்தால் பெயரை மாற்ற முடியும் என்பதற்கு முன்னுதாரணம் உண்டு. 1979இல் ‘சீர்மரபுப் பழங்குடியினர்’ என்பதைச் ‘சீர்மரபு வகுப்பினர்’ என்று மாற்றியது ஓர் அரசாணை. நீண்ட போராட்டத்துக்குப் பின், 2019இல் மத்திய அரசுத் திட்டங்களுக்கு மட்டும் பழைய பெயரை மீட்டது மற்றோர் ஆணை. சீர்மரபினர் பட்டியலில் உள்ள கொறவர் பிரிவுகளை ஆராய்ந்து, நாடாளுமன்றத் திருத்தத்துக்கான பரிந்துரையை மாநில அரசு அனுப்ப வேண்டும். அதுவரை, ஒரே குடும்பத்துக்கு இருவேறு சான்றிதழ் வழங்கும் நடைமுறையையாவது ஒரு சுற்றறிக்கையால் நிறுத்த வேண்டும்.

களத்தில் இருக்கும் தோழர்களும் மாணவர்களும் இன்றே செய்யக்கூடியவை சில. தந்தை, பாட்டன் ஆகியோரின் பள்ளிப் பதிவுகள், நிலப் பட்டாக்கள், பழைய சான்றிதழ்கள் ஆகியவற்றைத் திரட்டிப் பாதுகாக்க உதவுங்கள். உடன்பிறந்தவருக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் இருந்தால், மறுக்கப்பட்டவர் எழுத்துப்பூர்வமான காரணம் கேட்டுப் பெற்று மேல்முறையீடு செய்யட்டும். வாய்மொழி மறுப்பை ஏற்க வேண்டாம். வன்கொடுமைப் புகாரில் சொல்லப்பட்ட சொற்களை அப்படியே, கேட்ட ஒலியிலேயே எழுதுங்கள். முதல் தகவல் அறிக்கை பதிவதற்கு முன்விசாரணை தேவையில்லை என்று 2018இல் சேர்க்கப்பட்ட பிரிவு 18ஏ சொல்கிறது. காவல் நிலையத்தில் அதைச் சுட்டிக்காட்டுங்கள்.

அந்த மகளுக்காக நாங்கள் எழுதிய மனுவில் இரண்டு சான்றிதழ்களையும் அடுத்தடுத்து இணைத்திருக்கிறோம். அண்ணனுக்குச் செல்லும் பெயர் தங்கைக்கும் செல்லும் என்ற அறிவிப்பே எங்கள் வேண்டுகோள். மனு நிலுவையில் இருக்கிறது. அண்மையில் அவள் தொலைபேசியில் அழைத்தபோது வழக்கு எப்போது வரும் என்று கேட்டாள். பிறகு, கல்லூரியில் தமிழ்த் துறை விழாவுக்குக் குற்றாலக் குறவஞ்சி நாடகம் ஒத்திகை நடப்பதாகவும், சிங்கி வேடத்துக்கு வேறொருத்தியைத் தேர்ந்தெடுத்திருப்பதாகவும் சொன்னாள். “அது எங்க கதைன்னு அவுங்களுக்குத் தெரியுமாண்ணே?” என்று அவள் கேட்டதற்கு நாங்கள் உடனே விடை சொல்லவில்லை. தெரியச் செய்வது நம் அனைவரின் வேலை.